நாலாவது டப்பா

"அன்புள்ள அண்ணாச்சி, தேரிக்குளம் முழுக்க வற்றிய தேதியும் மறுபடி தண்ணீர் வந்த தேதியும் வருஷவாரியாக எனக்கு வேண்டும். 2018 முதல் போதும். நினைவிலிருந்து எழுத வேண்டாம். நோட்டைப் பார்த்து எழுதவும். தெரியாத வருஷத்துக்குத் தெரியாது என்று எழுதவும்."

11-6-2023 என்று தேதியிட்ட கடிதம் இது. அன்று ஞாயிற்றுக்கிழமை. விலங்கியல் ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழிக்காமல், தையல் நூலைப் பிரித்து எடுத்த தாள். எழுதியவர் வீடு என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிஷம். இரண்டு பேரிடமும் போன் உண்டு. பிறகு ஒருநாள் இதைக் கேட்டேன். "போன்ல கேட்டா வாயால பதில் சொல்லிருவீங்க. எனக்கு நோட்டுல உள்ளதுதான் வேணும்" என்றார்.

அவர் பெயரை எழுத அவரிடம் அனுமதி வாங்கவில்லை, அதனால் எழுதவில்லை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளர். மாணவர்களும் பேராசிரியர்களும் 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அறிந்த காலத்தில் வயது நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்பது வரை. அம்மாவின் ஊர் புன்னைக்காயல். கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். இவர் ஆய்வகத்தில் பாட்டில் கழுவிக்கொண்டே எம்.எஸ்ஸி. முடித்து, பகுதிநேர முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தார்.

என்னைப் பற்றித் தேவையான அளவு சொல்கிறேன். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணித் தாளில் குறிப்பது என் வேலை. ஓய்வுக்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் குளங்களைப் பார்த்து, எது எப்போது பெருகியது, எப்போது வற்றியது என்று நோட்டில் எழுதி வந்தேன். பயன் கருதிச் செய்யவில்லை. எண்ணிப் பழகிய கை. ஒரு சிற்றிதழில் அந்தத் தேதிகளில் சில வெளிவந்தன. அதைப் படித்துவிட்டு 2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை, முகக்கவசத்தோடு வந்து வாசலில் நின்றார்.

"குளத்துக்குத் தேதி வச்சிருக்கது நீங்கதானா?" என்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, "நோட்டப் பாக்கலாமா?" என்றார்.

அவர் ஆராய்ந்தது தண்ணீர்த் தெள்ளு. கடுகைவிடச் சிறியது, தத்தித் தத்தி நீந்தும். உடல் கண்ணாடி மாதிரி; உள்ளே இதயம் துடிப்பது நுண்ணோக்கியில் தெரியும். வண்ணமீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்கு இரையாகப் போடுவார்கள். தண்ணீர் நன்றாக இருக்கும் வரை பெண்ணே பெண்ணைப் பெறும், ஆண் தேவைப்படாது. மகள் தாயின் அச்சாக இருப்பாள். குளம் சுருங்கத் தொடங்கும்போதுதான் ஆண் பிறக்கும். இணை சேர்ந்தபின் கறுப்பாக, குதிரைச் சேணம் போன்ற உறைக்குள் முட்டை தங்கும். அந்த உறை சேற்றில் காய்ந்து கிடக்கும். மழை வந்தால் பொரிக்கும். சில உறைகள் பல வருஷம் கழித்தும் பொரிக்கும்.

எங்கள் பக்கத்தில் நெருங்கிய உறவுள்ள இரண்டு வகைகளை அவர் பிரித்து வைத்திருந்தார். ஆற்றுப் பாசனக் குளத்தில் இருப்பதற்குத் தலையில் முகடு. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்துத் தேரிக்குளத்தில் இருப்பதற்கு உருண்டைத் தலை. இவை இரண்டும் ஒரே குளத்தில் சேர்ந்து வற்றினால் கலக்குமா, கலந்து பிறந்தது தானாக நிலைக்குமா என்பது அவர் கேள்வி. வெளிநாட்டு ஏரிகளில் இப்படிக் கலப்பதை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நம் குளங்களில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பார்.

கடற்கரை வீட்டுப் பெண் ஏன் குளத்துக்கு வந்தார் என்று ஒருமுறை கேட்டேன். "கடலுக்குக் கரை ஒரு பக்கந்தான் அண்ணாச்சி. குளத்துக்கு நாலு பக்கமும் இருக்கு" என்றார்.

அந்த நாலு பக்கத்தை அவர் காப்பாற்றியதைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி.

ஒவ்வொரு குளத்துக்கும் தனி வலை. ஸ்கிரீன் பிரிண்டிங் துணியைக் கூம்பாகத் தைத்து, வளையத்தில் கட்டி, நுனியில் பாட்டில் மாட்டிய வலை. ஏரல் பக்கத்து ஆற்றுப் பாசனக் குளத்து வலையின் விளிம்பில் நீல நூல். தேரிக்குளத்து வலையில் சிவப்பு நூல். பாட்டில், சொட்டுக்குழாய், கழுவும் வாளி, துடைக்கும் துணி எல்லாவற்றிலும் அதே நூல். "வெயில்ல காயப் போட்டா போதாதா?" என்று நான் கேட்டதற்கு, "காஞ்சா பூச்சி சாகும். முட்ட சாகாது. துணி மடிப்புல ஒண்ணு ஒட்டிருந்தா போதும்" என்றார்.

ஒரு மாணவி ஒரே சொட்டுக்குழாயை இரண்டு ஜாடியில் விட்டுவிட்டாள். அக்கா சத்தம் போடவில்லை. இரண்டு ஜாடியையும் மாடிக்கு எடுத்துப் போய், கொதிக்கிற தளத்தில் ஊற்றினார். ஆறு மாதம் வளர்த்தவை. "சிங்க்லயே ஊத்தலாமே அக்கா" என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டே. "சிங்க்ல ஊத்துனா வாறுகாலுக்குப் போவும். வாறுகால் எங்க போவுதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது." பிறகு ஜாடிகளின் லேபிளில் என்ன நடந்தது என்று அவளையே எழுதவைத்து, காலி ஜாடிகளை அலமாரியில் வைத்தார். அவை அங்கே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

துறையில் சிலர் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'தீட்டு அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். மத்தியானம் அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், அப்படிப் பெயர் வைத்தவர்களின் கைதான் முதலில் சாளைமீன் குழம்புக்குள் போகும். எல்லாக் கையும் போகும். அவர் மூடியை எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து இடம் கொடுப்பார். "தீட்டெல்லாம் பாட்டிலுக்குத்தான்" என்று ஒருமுறை சொன்னார். அந்தப் பெயர் பற்றி வேறெதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

தேரிக்குளத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. இரண்டு ஸ்கூட்டரும் நின்றதுமே கடைக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க அண்ணாச்சி. இன்னைக்கும் கலங்கத் தண்ணிய பாட்டில்ல புடிச்சிட்டுப் போறியளாக்கும்? எங்கிட்ட கேட்டா குழாய்த் தண்ணியே தாரேன்லா."

"அதுல பூச்சி இருக்கா?" என்பார் அக்கா.

"பூச்சி இல்லாம எந்தக் குழாய் இருக்கு? ஆமா, அந்தக் குளத்துப் பொண்ணுக்கு இந்தக் குளத்து மாப்பிள்ளையாமே? கலப்புக் கல்யாணம்னு சொன்னாவ. வீட்ல சம்மதிச்சிட்டாவளா?"

"பொண்ணு மாப்பிள்ளையே கேக்காது, தண்ணி வத்துனாத்தான் கேக்கும்."

"நம்ம ஊர்ப் பொண்ணுதான்!" என்று அவர் டீயை ஆற்றுவார்.

இனி அந்த நாள். என் நோட்டில் 14-2-2021, ஞாயிறு. லேப் அக்கா புன்னைக்காயலில் தன் மூத்த சகோதரி மகளுடைய குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார். இரண்டு குளத்துத் தண்ணீரையும் நான் தனியாக எடுத்துவருவதாக ஏற்பாடு. காலை ஆற்றுப் பாசனக் குளம் முடிந்தது. தேரிக்குளத்துக்குப் போனபோது, ஸ்கூட்டரில் தொங்கவிட்டிருந்த சிவப்பு நூல் வலையை உடைமுள் இழுத்து, ஒரு முழம் கிழித்திருந்தது. வந்த தூரம் அதிகம். நீல நூல் வலையை டீக்கடைக் குழாயில் கழுவினேன். அதையே தேரிக்குளத்தில் வீசினேன்.

செய்ததை அன்றே எழுதினேன்: "சிவப்பு வலை கிழிந்தது. நீல வலை." துறைமுகத்தில் முப்பது வருஷம் அப்படித்தான். முறைக்கு மாறாக ஏதாவது நடந்தால் தாளின் கடைசிக் கட்டத்தில், ரிமார்க்ஸ் பகுதியில், எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது. அதற்குமேல் யாரிடமும் போய்ச் சொல்கிற வழக்கம் கிடையாது. கிழிந்த வலையை நானே தைத்துக் கொடுத்தேன். முள் கிழித்தது என்றும் சொன்னேன். எந்த வலையால் எடுத்தேன் என்பதைச் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததாக நினைவில்லை. இது நினைவிலிருந்து எழுதுவது.

அதற்கு முன் அந்தப் பருவத்தில் தேரிக்குளத்தில் மூன்று முறை தண்ணீர் எடுத்திருந்தோம். மூன்றிலும் உருண்டைத் தலை மட்டும்.

2023 ஜனவரி 22 அன்று எடுத்த தேரிக்குளத்துத் தண்ணீரில், உருண்டையும் இல்லாமல் முகடும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு தலை இருந்தது. மறுநாள் நான் ஆய்வகத்தில் இருந்தேன். அக்கா நுண்ணோக்கியில் பார்த்தார். சொட்டுக்குழாயைக் கழுவினார். வேறு ஒன்றை எடுத்து வைத்தார். மறுபடி கழுவினார். ஐந்தாவதுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து, "அண்ணாச்சி, ஒரு டீ சொல்லுவமா?" என்றார். அவராக டீ கேட்டது அந்த ஒருமுறைதான்.

டீ வருவதற்குள் அந்தச் சந்தோஷத்தை அவரே குறைத்துக்கொண்டார். "வடிவத்த நம்பக் கூடாது. மீன் இருக்க தண்ணியில வளந்தா உருண்டத் தலையும் நீளும். மரபணுவப் பாக்கணும்." தெள்ளுகள் வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயின. ஏப்ரலில் முடிவு வந்தது. தாயிடமிருந்து மட்டும் இறங்குகிற மரபணுப் பகுதி ஆற்றுக்குளத்து வகை. இருபுறமிருந்தும் வருகிற பகுதியில் இரண்டு வகையும் பாதிப் பாதி. கலப்புதான். முகட்டுத் தலைக்காரி தாய், உருண்டைத் தலைக்காரன் தகப்பன்.

பறவையின் காலில் ஒட்டி வந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு மழையில் தண்ணீர் தாண்டியிருக்கும் என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். ஆய்வேட்டின் மையமே அந்த அத்தியாயம்தான் என்றும் சொன்னார். பதிவுக்காலம் டிசம்பரில் முடிகிறது. எப்போது கலந்திருக்கும் என்று கணக்கிட, குளம் வற்றிய தேதிகள் வேண்டும். அதற்குத்தான் மேலே கண்ட கடிதம்.

நான் நோட்டைப் பார்த்து எழுத உட்கார்ந்தேன். 2018, 2019, 2020. அடுத்து 2021: முழுக்க வற்றியது மே 23. அதே பக்கத்தில், எட்டு வரிக்கு மேலே, பிப்ரவரி 14.

ஆற்றுக்குளத்து வகை பிப்ரவரியில் என் வலை வழியாகப் போயிருந்தால், மே மாத வற்றலில் கலந்து, நவம்பர் மழையில் பொரித்திருக்கும். கணக்கு சரியாக வந்தது.

பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு ஜூன் 13, செவ்வாய் அன்று ஆய்வகத்துக்குப் போனேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார்.

"நீல வலையா?"

"ஆமா."

"கழுவுனீங்களா?"

"டீக்கடைக் குழாய்ல."

"எத்தன தடவ?"

"ரெண்டோ மூணோ..."

"நோட்டுல இருக்கா?"

"இல்ல."

"அப்போ சொல்லாதீங்க."

தாளை மேசையில் வைத்து, அது பறக்காமல் ஒரு பாட்டிலை அதன்மேல் வைத்தார். நீல நூல் பாட்டில். பார்த்ததும் அதை எடுத்துவிட்டு, நூல் இல்லாத ஒன்றை வைத்தார்.

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"எழுதிட்டேன்லா, அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"எங்க எழுதுனீங்க? உங்க பீரோவுக்குள்ள." கோபமாகச் சொல்லவில்லை. இடத்தைக் குறிப்பிடுகிற மாதிரி சொன்னார்.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, அவர் சொல்லித்தான் தெரியும். பேராசிரியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "ஏம்மா, மூட்ட எண்ணுனவரு நோட்ட எவன் பாக்கப் போறான்? மடிச்சு வையி" என்றாராம். "நான் பாத்துட்டேன்லா சார்" என்றாராம் அக்கா.

ஒரு வழி மிச்சமிருந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் அவரே. தேரியில் கோடைக் காற்று செம்மணலை அள்ளிக் கொட்டும். வற்றிய குளத்தின் சேற்றில் ஒவ்வொரு வருஷமும் ஒரு சிவப்பு வரி படியும். அடுத்த மழையில் அதன்மேல் சாம்பல் நிறச் சேறு. ஜூலை 23 அன்று குளம் காய்ந்துகிடந்தபோது, இரண்டு பேரும் போய் ஒரு பிவிசி குழாயைத் தரையில் அடித்து இறக்கினோம். குழாயைப் பிளந்தால் உள்ளே சிவப்பும் சாம்பலுமாக வரிவரியாக இருந்தது. டீக்கடைக்காரர் பார்க்க வந்திருந்தார். "இதென்ன, அடுக்கு அல்வாவா?" என்றார்.

மேலிருந்து முதல் சாம்பல் அடுக்கு கடைசி மழையுடையது. மூன்றாவது அடுக்கு என் வலை விழுந்த பருவம். நாலாவது அதற்கு முந்தையது. குழாய் இறங்கும்போது மேல் சேறு ஓரமாக வழிந்து கீழே போயிருக்கும் என்று, அடுக்குகளின் விளிம்பைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுத்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு புதுக் கத்தி. நாலு அடுக்கும் நாலு மக்ரூன் டப்பாவுக்குள் போயின. நாலாவது டப்பாச் சேற்றிலிருந்து கலப்புத் தெள்ளு பொரித்தால், அது எனக்கு முன்பே அங்கே இருந்தது. அத்தியாயம் நிற்கும். பொரிக்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

உறைகள் உடனே பொரிப்பதில்லை. சில மாதம் குளிரில், இருட்டில் வைக்க வேண்டும். பதிவுக்காலம் காத்திருக்கவில்லை. நவம்பரில் அவர் ஆய்வேட்டைக் கொடுத்தார். அந்த அத்தியாயத்தின் முடிவில், "இக்கலப்பு இயற்கையாக நிகழ்ந்ததா, எங்கள் வலையால் நிகழ்ந்ததா என்று சொல்ல இயலவில்லை" என்று எழுதி, என் நோட்டுப் பக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தார். 'எங்கள் வலையால்' என்றுதான் இருந்தது. நான் அதைத் திருத்தச் சொன்னேன். "வலை என்னுது" என்றார்.

நிரூபியுங்கள், இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை நீக்குங்கள் என்று பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் 17 மழை தொடங்கியது. அந்த வெள்ளத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குளங்கள் உடைந்து ஒன்றுக்குள் ஒன்று போயின. மூன்றாம் நாள் போன் கிடைத்தபோது, அவர் வீட்டுக்குள் முட்டளவு தண்ணீர்.

"டப்பா?" என்றேன். அதைத்தான் முதலில் கேட்டேன். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

"பீரோ மேல இருக்கு. அரிசிதான் போச்சு" என்றார். பிறகு, "இனி குளத்துல போய்ப் பாக்க ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எல்லாம் ஒரே தண்ணி ஆயிட்டு" என்றார்.

பதிவுக்காலம் முடிந்தது. நீட்டிப்பு கேட்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அத்தியாயத்தை நீக்கிவிட்டுக் கொடுத்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும் என்று துறையில் இன்றும் சொல்கிறார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. 2024 மே மாதம் வேலையை விட்டுவிட்டு, மகளுக்கு வேலை கிடைத்த கொச்சிக்குக் குடிபோனார். போகுமுன் நீல நூல், சிவப்பு நூல் வலை இரண்டையும் என்னிடம் தந்தார், தனித்தனிப் பையில். டப்பாக்களைத் தரவில்லை.

2024 செப்டம்பர் 8 அன்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மங்கலான படம், பள்ளி நுண்ணோக்கி ஒன்றில் போனை வைத்து எடுத்திருக்க வேண்டும். கூடவே: "நாலாவது டப்பாவில் ஒன்று பொரித்திருக்கிறது. ஒன்றே ஒன்று. தனி பாட்டிலில் விட்டிருக்கிறேன். மகள்கள் பெற்றிருக்கிறது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலை உருண்டையாகவும் இல்லை, முகடாகவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. "நடுவில் உள்ளதுதானே?" என்று கேட்டேன்.

"வடிவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்" என்று பதில் வந்தது.

அதன்பின் அனுப்பிய மூன்று செய்திகளுக்குப் பதில் இல்லை. எண் மாறியிருக்கலாம். அந்தத் தெள்ளின் மரபணுவை யாரும் சோதித்ததாகத் தகவல் இல்லை. ஆகவே, 14-2-2021க்கு முன்பே தேரிக்குளத்தில் கலப்பு இருந்ததா என்பது இந்த வரியை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.